போரட் வீட்டு முன்வாசல்

எங்கள் பக்கம் பண்ணை வீட்டின் முன்கதவை யாரும் தட்ட மாட்டார்கள். தபால்காரர் பின்னால்தான் வருவார். பாதிரியாரும் பின்னால்தான். பன்றி வாங்க வருகிற வியாபாரி, டாக்டர், ஓட்டுக் கேட்க வருகிறவன் எல்லாரும் முற்றத்துச் சேற்றை மிதித்து, நாயிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு, பின்வாசல் வழியாகத்தான் அடுப்படிக்குள் நுழைவார்கள். முன்வாசல் இரண்டே காரியத்துக்கு. அந்த வீட்டில் பிறந்த பெண் கல்யாணத்துக்குப் புறப்படுவாள். அந்த வீட்டில் செத்தவர் கல்லறைக்குப் புறப்படுவார். மற்ற நாளெல்லாம் அது சுவரோடு சுவர்.

போரட் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பெண் குழந்தை கிடையாது. அதனால் அந்தக் கதவுக்குச் சாவு வேலை மட்டும்தான் மிச்சம். அது கடைசியாகத் திறந்தது கிழவர் போரட் செத்த அன்றைக்கு, பதினோரு வருஷத்துக்கு முன்னால். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். மனிதர் நல்ல கனம்.

நான் ஸ்டான். இங்கிலாந்தின் சஃபோக் களிமண்ணில், திக்லிங் ஊருக்கு ஒரு மைல் வெளியே, போரட் பண்ணையில் பன்றி பார்க்கிறவன். இருபத்தாறு வருஷமாக முற்றத்துக்கு எதிரே இருக்கும் குடிசையில் குடியிருக்கிறேன். அந்த வீட்டை என் முகத்தைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன், இரண்டுமே எனக்கு அவ்வளவாகப் பிடித்ததில்லை.

ரோட்டிலிருந்து பார்த்தால் அது கௌரவமான வீடு. சிவப்புச் செங்கல், நேரான ஐந்து ஜன்னல், நடுவே உயரமான கறுப்புக் கதவு. பின்னால் வந்து பார்த்தால் வேறு வீடு. கூரை நடுவில் தொய்ந்து கிடக்கும். சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்த வயிற்றின் மேல் கிழவர் ஐம்பத்தைந்தாம் வருஷம் சிமெண்ட் பூசினார், இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். சிமெண்டில் விரிசல் விட்டது. உள்ளே போன மழைக்கு வெளியே வர வழியில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் ஈரம்தான். அலமாரியில் வைத்த பூட்ஸ் ஒரு வாரத்தில் பச்சையாகிவிடும்.

அந்த ஈரத்தை நெஞ்சில் வாங்கியவர் முதலாளியம்மா ஹில்டா. ஐம்பத்தொன்பது வயது. இரண்டு குளிர்காலம் அடுத்தடுத்து நிமோனியா. இடுப்பு மூட்டு வேறு தேய்ந்துபோனது. மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும், அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார். படுக்கையறைத் தரை ஜன்னல் பக்கம் சரிந்திருப்பதால் கட்டிலின் இரண்டு காலுக்கு அடியில் செங்கல் வைத்திருந்தது. இன்னொரு தடவை நெஞ்சில் சளி கட்டினால் தாங்காது என்று டாக்டர், கிழவரின் மகனும் என் முதலாளியுமான வில்ஃபைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வில்ஃப் அதை என்னிடம் சொன்னார், பன்றித் தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

அதனால்தான் பங்களா. மாடியில்லாத, தரை மட்டத்தில் இருக்கிற, சூடு தண்ணீர்க் குழாய் ஓடுகிற சின்ன வீடு. கவுன்சிலில் வரைபடம் கொடுத்தாயிற்று. அவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: வயலுக்கு நடுவே கூடுதலாக ஒரு வீடு கூடாது, புதிது எழ வேண்டுமானால் பழையது விழ வேண்டும். முதலாளியம்மாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! வரைபடத்தின் நகலை அடுப்படி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். எந்தச் சுவரில் பிளக் வர வேண்டும் என்று பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தார். என்னிடமே நாலு தடவை காட்டியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பட்டியல் எழுதுகிற பெண் ஊருக்குள் வந்தாள். அரசாங்கத்து ஆள். பழைய கட்டடமெல்லாம் பார்த்து, உசத்தியானது எது என்று எழுதிக்கொண்டு போகிறவள். எழுதிவிட்டால் இடிக்க முடியாது. மதுக்கடையில் இதே பேச்சு.

"தர்லோ வீட்டுக் களஞ்சியத்த எழுதிட்டாளாம். இனிமே அதுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் லண்டனுக்கு லெட்டர் போடணுமாம்."

"அவ பெரும்பாலும் ரோட்டுல நின்னு பாத்துட்டுப் போயிருவாளாம். உள்ள கூப்பிட்டாதான் வம்பு."

நான் இதைக் கொண்டுபோய் அடுப்படியில் சொன்னேன். முதலாளியம்மா மாவு பிசைந்த கையோடு யோசித்தார். "ரோட்டுலேந்து பாத்தா நம்ம வீடு வெறும் செங்கல் வீடு. அப்படியும் உள்ள வரணும்னா முன்னறைல உக்கார வெப்போம். அங்க என்ன இருக்கு? காகிதம் ஒட்டின சுவரு, வெள்ளக் கூரை, எங்க மாமியா பியானோ. பாத்துட்டுப் போகட்டும்."

அப்புறம் இரண்டு நாள் முன்னறையில் கணப்பு மூட்டி வைத்தார்கள், பூஞ்சை வாடை போக. முதலாளியம்மா பியானோவைத் துடைத்தார். தரைவிரிப்பை நானும் வில்ஃபும் வெளியே கொண்டுபோய் அடித்தோம். எல்லாம் யோசித்தோம். கதவை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. நாங்கள் யாரும் அதைக் கதவு என்று நினைத்ததே இல்லை, என்ன செய்வது.

பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை, ஆலங்கட்டியும் மழையும் கலந்து பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பெரிய தாய்ப்பன்றிக்கு வைக்கோல் மாற்றிக்கொண்டிருந்தேன். வீட்டு முன்பக்கம் டம் டம் என்று சத்தம். நாய் குழம்பிப்போய் என்னைப் பார்த்தது. அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்து அதற்குப் பழக்கமில்லை.

சுற்றிக்கொண்டு போனேன். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், மெலிந்த தேகம், அட்டையில் செருகிய காகிதங்களைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு படியில் நின்றாள். கதவில் தபால் போடுகிற துவாரம் திறந்திருந்தது. அதற்குள் வில்ஃபின் வாய் தெரிந்தது.

"நீங்க தள்ளுங்கம்மா, நான் இழுக்குறேன்."

"தள்ளிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் வேகமா."

நானும் போய்த் தோளைக் கொடுத்தேன். பதினோரு வருஷத்து மழை அந்தக் கதவை ஊதவைத்து நிலையோடு ஒட்டவைத்திருந்தது. அசையவில்லை. அந்தப் பெண்ணின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்து ஜன்னலில் முதலாளியம்மா நின்று என்னைப் பார்த்து வேகமாகத் தலையை ஆட்டினார். அந்தப் பிள்ளை நனைகிறாளே, ஏதாவது செய் என்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படி.

"விடுங்கம்மா," என்றேன். "பின்னால வாங்க. எல்லாரும் அப்படித்தான் வருவாங்க."

பின்வாசல் நிலை தாழ்வானது. குனியாமல் நுழைந்தால் நெற்றி வீங்கும். எல்லாருக்கும் சொல்வதைப்போல அவளுக்கும் "தல, தல" என்று சொன்னேன். குனிந்து நுழைந்து நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அது முன்கதவுவரை நேராக ஓடுகிற ஒரு இருட்டு நடை. கோட்டு, பூட்ஸ், பன்றித் தீவன மூட்டை எல்லாம் கிடக்கும். இடது சுவரில் ஒட்டி ஒட்டி இரண்டு வாசல், இரண்டுக்கும் மேல்பக்கம் வளைந்து நடுவில் கூராக முடியும். ஒன்று பாத்திரம் கழுவுகிற அறைக்குப் போகிறது. இன்னொன்றில் பலகை அடித்து ஜாம் பாட்டில் அடுக்கியிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல் எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அந்த வளைவைத் தடவினாள். முதலாளியம்மா கைத்தடியோடு ஓடாத குறையாக வந்தார்.

"முன்னறைல தீ போட்டிருக்கேன் கண்ணு. இங்க குளிரும், வா வா."

"ஒரே நிமிஷம், மிஸஸ் போரட். என் பேரு கேர்ன்ஸ். இது மேல இத்தன பூச்சு வெள்ள யாரு அடிச்சது?"

"நான்தான். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடி."

"உங்க படுக்கையறைக் கூரையிலேந்து கறுப்பா ஏதாவது உதிருமா?"

இந்தக் கேள்வியை அவள் வேறு யாரிடம் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். ஹில்டா போரட் முப்பத்துநாலு வருஷமாகப் பாதிரியார் முதல் பன்றி வியாபாரி வரைக்கும் எல்லாரிடமும் சொல்லி அழுத ஒரே குறை அது. வாயைக் கட்ட நினைத்திருப்பார். நாக்கு முந்திக்கொண்டது.

"உதிருமாவா! காத்தடிச்சா போதும், வெள்ளப் படுக்க விரிப்பெல்லாம் மை கொட்டினாப்ல ஆயிரும். கல்யாணமாகி வந்த மொத வாரத்துலேந்து தொவைக்கிறேன். காக்கா கூடுன்னாரு எங்க மாமனாரு. புகைபோக்கில ஓட்டைன்னாரு கொத்தனாரு. ஒருத்தனும்..." அங்கே நிறுத்தினார். "ஆனா இப்ப ஒண்ணும் அவ்வளவா இல்ல."

"பரணுக்கு ஏற வழி இருக்குமா?"

"இல்ல," என்றார் முதலாளியம்மா.

"ஏணி இருக்கு," என்றார் வில்ஃப்.

முதலாளியம்மா புருஷனைப் பார்த்தார். வில்ஃப் தன் காலுறையைப் பார்த்தார்.

ஏணியை நான்தான் பிடித்தேன். அவள் டார்ச்சோடு ஏறினாள், பின்னாலேயே வில்ஃப். கடைசியில் நானும் ஏறித் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். கைமரங்கள் எல்லாம் கரி. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, மரம், மரத்தைப் பூட்டிய மர ஆணி, மேலே வேய்ந்த குச்சி, அத்தனையும் அடுப்படிப் பாத்திரத்தின் அடி மாதிரி கறுப்பு. அவள் விரலால் தொட்டு டார்ச்சில் காட்டினாள்.

"மிஸ்டர் போரட், இந்த வீடு கட்டினப்ப புகைபோக்கி கிடையாது. மாடியும் கிடையாது. கீழ் தரையிலேந்து இந்தக் கூர வரைக்கும் ஒரே கூடம். நடுத் தரையில தீ எரியும், புகை மேல வந்து ஓட்டை வழியா மெதுவாப் போகும். கீழ பாத்தேனே அந்த ரெண்டு வாசல், ஒண்ணு ரொட்டி வைக்கிற அறைக்கு, ஒண்ணு பீப்பா வைக்கிற அறைக்கு. ஐநூறு வருஷத்துக்கு மேல ஆவுது. நூறு, நூத்தம்பது வருஷம் கழிச்சுத்தான் யாரோ நடுவுல புகைபோக்கி கட்டி, மாடி போட்டிருக்காங்க."

"செங்கல்லு?"

"அது நேத்து வந்தது. உங்க பாட்டனோட அப்பா காலம். கோதுமைக்கு நல்ல வெல கிடைச்சிருக்கும், பழைய மர வீடுன்னு சொல்லிக்க வெக்கமா இருந்திருக்கும், முன்னால ஒரு செங்கல் சுவரு ஒட்டிட்டாரு. உள்ள நிக்கிறது பூராவும் ஓக் மரச் சட்டம். குச்சி பின்னி களிமண் அப்பின சுவரு." அவள் குரல் தணிந்தது. "இவ்வளவு முழுசா நான் இந்த வருஷம் பாக்கவே இல்ல. ரொம்ப நல்ல வீடு, மிஸ்டர் போரட்."

டார்ச் வெளிச்சத்தில் வில்ஃபின் முகத்தைப் பார்த்தேன். அறுபத்தொரு வயது மனிதர், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஏணிக்குக் கீழே முதலாளியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். இறங்கினோம். கேர்ன்ஸின் கறுத்த விரலைப் பார்த்தார்.

"அப்ப நான் இத்தன வருஷமா தொவைச்சது..."

"அந்தத் தீயோட கரிதான்."

"ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி எவளோ கஞ்சி காய்ச்சினா, அந்தக் கரிய நான் இங்க நின்னு தொவைச்சிக்கிட்டிருக்கேன்." முதலாளியம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டார்.

முன்னறைக் கணப்பு வீணாக எரிந்தது. எல்லாரும் அடுப்படியில்தான் உட்கார்ந்தோம். முதலாளியம்மா டீ ஊற்றினார், எங்கள் பக்கத்து ரஸ்க் சின்ன பன் மாதிரி இருக்கும், அதைப் பிளந்து வெண்ணெய் தடவிப் பன்றித்தொடைக் கறி வைத்துக் கொடுத்தார். அந்தப் பெண் பசியோடு தின்றாள். விடுதியில் காலையில் ஒன்றும் தரவில்லை போலிருக்கிறது. மூன்றாவது ரஸ்க் முடியும் வரைக்கும் முதலாளியம்மா காத்திருந்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து வரைபடத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

"இது நான் கட்டப்போற வீடு கண்ணு. அதுக்கு இது விழணும்."

கேர்ன்ஸ் வெகுநேரம் பார்த்தாள். பென்சில் வட்டங்களின் மேல் விரல் போனது. "பிளக்கெல்லாம் சரியான எடத்துல போட்டிருக்கீங்க."

"எழுதித்தான் ஆகணுமா? நீ பாக்கலன்னு வெச்சுக்கோயேன்."

"பாத்துட்டேனே, மிஸஸ் போரட்."

"என் நெஞ்சுக்கு இன்னொரு குளிரு தாங்காதுங்கறாரு டாக்டரு. அதையும் எழுதிக்க."

"அதுக்கு என் தாள்ல எடம் இல்லீங்க." அவளுக்குக் கண் கலங்கியது. கெட்ட பெண் இல்லை. "முன்னறைல மட்டும் உக்காந்திருந்தேன்னா, 'செங்கல் வீடு, நூத்தம்பது வருஷம், விசேஷமில்ல'ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருப்பேன். அந்தக் கதவு ஏன் திறக்கவேயில்ல?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அதுல நாங்க யாரும் போறதில்லம்மா," என்றேன் நான்.

கார் போன பிறகு முதலாளியம்மா பாத்திரம் கழுவினார். ஒவ்வொரு கோப்பையும் ணங் ணங் என்று விழுந்தது.

"எதுக்கு வில்ஃப் ஏணி இருக்குன்ன?"

"கேட்டா. இருந்துச்சு."

"நான் இல்லன்னு சொன்னேனே, காது அவிஞ்சு போச்சா?"

வில்ஃப் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். "அது இல்ல புள்ள. எங்கப்பா இத ஈர மூட்டைன்னாரு. எங்கம்மா எலிப்பொறின்னா. நீ இங்க வந்த நாள்லேந்து திட்டுற. நானும்தான் திட்டுறேன். யாராவது ஒருத்தர் இதப் பத்தி என்னதான் சொல்றாங்கன்னு கேக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"கேட்டாச்சா?"

"கேட்டாச்சு."

"நல்லாருந்துச்சா?"

வில்ஃப் திரும்பவும் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். முதலாளியம்மா கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட வேண்டாம் வேண்டாம்னு எவ்வளவு தல ஆட்டினேன் ஸ்டான், எரும மாடு." அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அன்று மாலை பன்றிகளுக்குக் கூடுதலாகவே தீவனம் வைத்தேன். யாருக்காவது நல்லது செய்யணும்போல இருந்தது.

ஏப்ரலில் கடிதம் வந்தது. வீடு பட்டியலில் ஏறிவிட்டது, ரொம்ப உசத்தி என்று பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் கவுன்சில் கடிதம்: பழையது விழாது, ஆகவே புதிது கிடையாது. முதலாளியம்மா இரண்டையும் படித்து மடித்து வரைபடத்தோடு சேர்த்து இழுப்பறையில் போட்டு மூடினார். அதன் பிறகு பங்களா பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கோடை போனது. அறுப்பு ஈரத்தோடு முடிந்தது. செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, முதலாளியம்மா முற்றத்தைத் தாண்டி என் குடிசைக்கே வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை.

"ஸ்டான், இழைப்புளி வெச்சிருக்கியா?"

"இருக்கே. எதுக்கு?"

"முன்கதவத் திறக்கணும்."

"முதலாளிக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆவுறதுக்குள்ளதான்." மூச்சு வாங்கியது அவருக்கு. "எட்னாகிட்ட பேசிட்டேன்." எட்னா அவருடைய தங்கை, புருஷன் செத்தவள். ஊருக்குள் சர்ச் ரோட்டில் சின்ன பங்களா, காஸ் கணப்பு. "ரெண்டு ரூம் இருக்கு, வாங்கன்னு சொல்றா. நான் போறேன். வில்ஃப் வர்றதும் வராததும் அவன் இஷ்டம். சைக்கிள்ல வந்து பன்னியப் பாத்துட்டுப் போலாம். இல்ல, அவன் நல்ல வீட்டக் கட்டிக்கிட்டு இங்கயே கெடக்கலாம்."

"அந்தக் கதவும் இப்ப பட்டியல்ல இருக்கு. இழைக்கணும்னா லெட்டர் போட்டுக் கேக்கணும்."

"கேளு. பதில் வர்றதுக்குள்ள நான் அதுவழியாப் போயிருப்பேன்." கொஞ்சநேரம் வீட்டையே பார்த்தார். "நான் இந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியா வந்தேன், ஸ்டான். கல்யாணக் கோட்டோட, சேத்துல. வந்த மருமகளுக்கு அந்தக் கதவு ஒரே ஒரு தடவதான் திறக்கும், அதுவும் பெட்டிக்கு நாலு பக்கம் ஆணி அடிச்ச பிறகு. எனக்கு அது வேண்டாம்."

கடப்பாரையால் நெம்பி, கீலைக் கழற்றிக் கதவை முற்றத்தில் சாய்த்து, அடிப்பக்கம் அரை அங்குலம் இழைத்தேன். சுருள் சுருளாக விழுந்தது, உள்ளே மரம் புத்தம் புதிதாக இருந்தது. வில்ஃப் வந்து கொஞ்சநேரம் பார்த்தார். கீல் ஆணியை எண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

மறுநாள் பத்து மணிக்கு எட்னாவின் மருமகன் காரை ரோட்டோரம் நிறுத்தினான். வெயில் லேசாக அடித்தது. முதலாளியம்மா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி வைத்திருந்தார். நான் கதவைத் திறந்து பிடித்தேன். வெளிச்சம் அந்த நடையின் கடைசி வரைக்கும் போய் ஜாம் பாட்டில்கள் மேல் விழுந்தது. அவர் படியில் கால் வைத்து, நின்று, கைத்தடியை மறுகைக்கு மாற்றி, வெளியே இறங்கினார். சுமந்தவர் யாருமில்லை. அந்த வாசலில் ஒரு ஆள் தன் காலால் நடந்து போவதை அன்றுதான் பார்த்தேன்.

"வில்ஃப்!" என்று தோட்டப் பாதையிலிருந்து கூப்பிட்டார். "பெட்டிய எடுத்துட்டு வா."

வில்ஃப் மாடியிலிருந்து இரண்டு பெட்டிகளோடு இறங்கி வந்தார். ஒன்று அவருடையது. இறங்கின வேகத்தில் வழக்கம்போலப் பின்வாசல் பக்கம் திரும்பி நடந்தார்.

"எங்க போற? இந்தப் பக்கம்!"

அவர் நடையின் நடுவில் நின்றார். பின்வாசலைப் பார்த்தார், அந்த இரண்டு வளைவு வாசல்களைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்தார். முன்வாசல் நிலை ஏழு அடி உயரம்; அவர் தலைக்கு மேலே இன்னொரு முழம் இருந்தது. ஆள் குதிரை மாதிரி நிமிர்ந்து போகட்டும் என்று அவர் பாட்டனின் அப்பா அப்படிக் கட்டினது. வில்ஃப் இரண்டு கையிலும் பெட்டியோடு, படியை மிதிக்கும்போது, கழுத்தை ஒடித்துத் தலையை நன்றாகக் குனிந்துகொண்டு வெளியே போனார்.